அம்மா கட்டியிருந்த சேலை

செவ்வாக்கெழமை, ராத்திரி

துணிக்குச் சாயம் போடற டையிங் யூனிட்ல கரண்ட் அடிச்சு நான் செத்துப் பொழச்சப்ப, செத்துப்போன அம்மாவப் பாத்தேன்னு தங்கச்சிகிட்டச் சொல்லியிருந்தேன். அதக் கேட்ட பொறவுதான் அவ ஒழுங்காச் சோறு திங்கறா. இன்னைக்குத் திரும்பக் கேட்டா.

"அம்மா என்ன சேலைங்கண்ணா கட்டியிருந்துச்சு?"

"பச்சை."

"போன தடவ மஞ்சள்னு சொன்னீங்க?"

"செரியா நெனப்பில்ல புள்ள."

"கலர் மாத்தறதுக்கு அம்மா என்ன உங்க மிசின்ல ஓடற துணியா?"

தட்டத் தள்ளி வச்சுட்டுப் போய்ப் படுத்துட்டா.

அப்பறந்தான் ஒறைச்சுது. இன்னைக்குப் பூரா மிசின்ல ஓடுனது பச்சைத் துணிதான். மஞ்சள்னு சொன்ன அன்னைக்கு மஞ்சத் துணி ஓடியிருக்கும். நான் பொய் சொல்லல. ஆனா அம்மாவ நெசமாப் பாத்தனா?

இப்பக் கண்ண மூடிட்டு, செவப்புன்னு நெனச்சுப் பாத்தேன். அம்மா செவப்புச் சேலையில வந்து நிக்குது.