சபையில் சொன்ன பெயர்

ஜூலை 22, செவ்வாய்.

பங்காருபாளையத்தில் தேவராஜ் மாமாவின் வலது கையை உடைத்துவிட்டார்கள். மாங்கூழ் ஆலையின் ஆட்கள் மூன்று பேர். இரும்புக் குழாயால்.

காரணம் நான். ராஜ்யசபா எம்பிக்கு உரை எழுதிக் கொடுப்பது என் வேலை. போன வாரம் எழுதியதில், ஆலை எடையில் ஏமாற்றுகிறது என்று புகார் சொன்ன விவசாயியாக மாமாவின் பெயரையும் ஊரையும் போட்டேன். ஆலை முதலாளியின் பெயரைப் போடப் பயந்தேன். எம்பி அதை டெல்லியில் அப்படியே வாசித்தார். சபையில் பேசியதற்காக அவர் மேல் யாரும் கேஸ் போட முடியாது. மாமாவுக்கு அந்தக் காப்பு இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தை என்னைக் கன்னத்தில் அறைந்தாள்.

"உன் எம்பி கையையா ஒடச்சானுங்க? நைனா நைனான்னு புள்ளைங்க அழுதுகினு கீதுங்க. போய்ப் பாருடா!"

கன்னம் இன்னும் எரிகிறது.

சாயங்காலம் எம்பி போன் செய்தார். "பாவம்பா. நாளைக்கு இதையே பேசிடலாம். நல்லா காரமா எழுதி அனுப்பு."

எழுதி அனுப்பிவிட்டேன். இந்த முறை மாமாவின் பெயர் இல்லை. குழாயால் அடித்த மூவரின் பெயரும், அவர்களை ஏவிய முதலாளியின் பெயரும் இருக்கின்றன. சபைக்கு வெளியே இருப்பவர்கள் மேல் குற்றம் சொன்னதால் அந்தப் பெயர்களைச் சபைக் குறிப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள். நீக்கட்டும். எழுதிக் கொடுப்பதை முன்னால் படித்துப் பார்க்கும் பழக்கம் எம்பிக்குக் கிடையாது. நான்கு பெயரும் தன் வாயிலிருந்து வந்த பிறகுதான் அவருக்கே தெரியும்.