தோப்புக்கு ஒரு டிரஸ்ட்

ஹம்ஃப்ரி,

ஆட்டுக்கறி ஸ்டூ அடுப்புல இருக்கு. எனக்கும் கொஞ்சம் மிச்சம் வை. நான் ஹெரிஃபோர்டு சந்தைக்குப் போறேன். மத்தியானம் வக்கீலம்மா டிரஸ்ட் பத்திரத்தோட வருவாங்க. நாயைக் கட்டிப் போடு, உன் வாயையும் சேர்த்து.

"பெத்த பையனையே நம்பலையா?"ன்னு கேட்டுட்டு நேத்துலேர்ந்து மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே. டெரன்ஸை நான் நம்புறேன்யா. அவன் காலைத்தான் நம்பல. பைக் கடையைப் பாத்தா அது தானா உள்ள போயிடுது. டிரஸ்ட் போட்டா ஆப்பிள் வித்த காசு அவனுக்கு. தோப்பை மட்டும் அவனால விக்க முடியாது; அது அவன் பிள்ளைங்களுக்கு.

மேவிஸ்

சொல்ல மறந்துட்டேன்: டிரஸ்டைப் பாத்துக்கிற டிரஸ்டிங்க நாம ரெண்டு பேருதான். கலந்து பேசி ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் எதுவும் செல்லுமாம். ஆக, கையெழுத்துப் போட்டப்புறம் நீ என்கிட்ட பேசாம இருந்தா சட்டப்படி செல்லாது, கிழவா.