கண்ணில் படாத இடம்

லிந்துலை
2024 பெப்ரவரி 4

அன்புள்ள வினோஜனுக்கு,

உங்கள் நலத்தையும், நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்பதையும் எழுதவும். இதைப் போனில் சொல்ல முடியவில்லை. எங்கள் லயத்துக் காம்பராவில் பேசினால் பக்கத்துக் காம்பராவிலிருந்து பதில் வரும் என்று உங்களுக்குத்தான் தெரியுமே. அதனால்தான் கடிதம்.

பொங்கலுக்குப் பிறகு எனக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வந்து வந்து போகிறது. எண்ணெயில் பொரித்ததைத் தின்றால் போதும், முதுகு வழியாகத் தோள்வரை ஏறிவிடும். தோட்டத்து டிஸ்பென்சரியில் கேஸ்ட்ரிக் என்று மாத்திரை கொடுத்தார்கள். ஒருநாள் பிள்ளைக்காம்பரா வேலையில், தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனவர்களின் குழந்தைகளுக்குப் பால் கரைத்துக்கொண்டிருந்தபோது எழுந்திருக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிறகுதான் அம்மா என்னை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையில் கல். ஒன்றல்ல, நிறைய.

டொக்டர் சிங்களவர். "பயப்படாதே நங்கி" என்று, தங்கச்சி என்பதை மட்டும் சிங்களத்தில் விட்டு, தெரிந்த தமிழில் சொன்னார். பித்தப்பையை எடுத்துவிட வேண்டுமாம். வயிற்றில் நான்கு சின்னத் துளை போட்டு, ஒன்றில் கமராவை விட்டு, டீவியில் பார்த்துக்கொண்டே எடுத்துவிடுவார்களாம். மார்ச்சில் ஒரு தேதி கொடுத்திருக்கிறார்.

ஆவணியில் நம் கல்யாணம். உங்கள் வீட்டில் இதை எப்போது சொல்வது? நீங்கள் சரி என்றால் அம்மாவை வட்டகொடைக்கு அனுப்பி மாமியிடம் சொல்லச் சொல்கிறேன்.

உங்கள்
சுலக்ஷனா

பி.கு. நிச்சயத்துக்கு நீங்கள் போட்ட மோதிரம் லூசாகிவிட்டது. மெலிந்துவிட்டேன். கோபிக்க வேண்டாம்.


வெள்ளவத்தை
2024 பெப்ரவரி 13

என் அன்புச் சுலக்ஷனா,

உன் கடிதத்தை பார்மசியில் கவுண்டருக்குப் பின்னால் நின்றபடியே வாசித்தேன். முதலாளி ஸஃப்வான் நானா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி எடுப்பித்துத் தந்தார்.

அதிலிருந்து எனக்கு இதே வேலைதான். மருந்து வாங்க வரும் டொக்டர்மாரையெல்லாம் நிறுத்திக் கேட்டேன். பழைய முறை, விலாவுக்குக் கீழே ஒரு சாண் வெட்டுவது. அதையே சிறிதாக்கி விரல் நீளத்துக்கு வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். உன் டொக்டர் சொன்னது இப்போது எல்லா இடத்திலும் செய்வது: தொப்புளில் ஒன்று, நெஞ்செலும்புக்குக் கீழே ஒன்று, வலது பக்கம் இரண்டு. இவற்றைவிடப் புதிதாக ஒன்று இருக்கிறது. ஒரே துளை. தொப்புளில் மட்டும் வெட்டி, கமராவையும் கருவிகளையும் அதன் வழியாகவே விடுகிறார்கள். ஆறியதும் தழும்பு தொப்புள் மடிப்புக்குள் போய்விடும்.

இங்கே தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் அப்படிச் செய்யும் டொக்டர் இருக்கிறார். மே மாதம் கூட்டிக்கொண்டு போகிறேன். செலவைப் பற்றி நீ நினைக்காதே. மார்ச் தேதியை விட்டுவிடு.

எங்கள் அம்மாவிடம் இப்போது சொல்ல வேண்டாம். அவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்களோ. நலங்கன்று எங்கள் பெரியம்மா, சின்னம்மா எல்லாரும் சேர்ந்துதான் உனக்கு மஞ்சள் பூசித் தண்ணீர் ஊற்றுவார்கள். வயிற்றில் நான்கு தழும்பைப் பார்த்தால் ஆளுக்கொன்று பேசுவார்கள். கண்ணில் படாத இடத்தில் இருந்துவிட்டால் ஒரு பேச்சும் வராது. எல்லாம் உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன்.

என்றும் உன்
வினோஜன்


லிந்துலை
2024 பெப்ரவரி 25

அன்புள்ள வினோஜனுக்கு,

எனக்காக இத்தனை பேரிடம் விசாரித்திருக்கிறீர்கள். கடிதத்தை இரண்டு தரம் வாசித்துச் சந்தோஷப்பட்டேன்.

கிளினிக்கில் டொக்டரிடம் உங்கள் ஒரு துளையைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். எந்த வழியில் போனாலும் எடுப்பது அதே பையைத்தானாம், வலியும் ஏறக்குறைய ஒன்றுதானாம். ஒரு துளையில் நேரம் கூடுதலாகப் பிடிக்கும். தொப்புளில் வெட்டுப் பெரிது என்பதால் பிறகு அந்த இடம் பலவீனமாகிக் குடல் பிதுங்கும் வாய்ப்பும் கொஞ்சம் கூட. அழகைப் பார்த்தால் அதுதான் நல்லது என்று ஒத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற நர்ஸ் அக்கா கடைசியாகத் தமிழில் சொன்னார்: "எந்த வழின்னு அப்புறம் யோசிக்கலாமாம். நாளக் கடத்தாதன்னு சொல்றாரு."

இன்னொன்று. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நீங்கள் ஆண்பிள்ளை, கவனித்திருக்க மாட்டீர்கள். எங்கள் லயத்தில் பிள்ளை பெற்ற பெண்களில் பாதிப் பேருக்குத் தொப்புளை ஒட்டி ஒரு சின்னத் தழும்பு உண்டு. இனிப் பிள்ளை வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் கருத்தடை செய்த அடையாளம். பொதுப் பீலித் தண்ணீரில் குளிக்கும்போது ஒருத்தி வயிற்றைப் பார்த்தே மற்றவள் தெரிந்துகொள்வாள். கல்யாணமாகாத என் வயிற்றில் அந்த ஒரு இடத்தில் மட்டும் தழும்பு இருந்தால் உங்கள் பெரியம்மா என்ன நினைப்பார்கள்? நீங்கள் ஒளிக்கச் சொல்லும் இடம்தான் எங்கள் பெண்கள் முதலில் பார்க்கும் இடம். நான்கு இருந்தால் இது வேறு நோய் என்றாவது கேட்பார்கள்.

நேற்றும் வலி வந்தது. வாயில் துணியைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். மார்ச் தேதிக்கே போகட்டுமா? மாமியிடம் நானே சொல்லட்டுமா? நீங்கள் சரி என்று ஒரு வரி எழுதினால் போதும்.

உங்கள்
சுலக்ஷனா


வெள்ளவத்தை
2024 மார்ச் 5

என் அன்புச் சுலக்ஷனா,

நீ எழுதிய விஷயம் என் புத்திக்கு எட்டவே இல்லை. நல்லவேளை சொன்னாய். நன்றாக யோசித்துப் பார்த்தேன். ஒரு துளையும் வேண்டாம், நான்கும் வேண்டாம். கல்யாணம் முடியட்டும். கழுத்தில் தாலி ஏறிய பிறகு எந்தத் தழும்பு எங்கே இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

பித்தப்பையில் கல்லோடு வருஷக்கணக்காக நடமாடுகிறவர்கள் இருக்கிறார்களாம். எண்ணெய், தேங்காய்ப்பால், முட்டை எதையும் தொடாதே. அம்மாவிடம் சொல்லிவிடாதே. நோய்க்காரப் பெண்ணை எடுத்துவிட்டோம் என்று நினைத்துவிட்டால் அவர்கள் தாங்க மாட்டார்கள். ஆவணி வரைக்கும்தானே, பொறுத்துக்கொள். என் கண்ணல்லவா.

ஊருக்கு வரும் கணேசமூர்த்தியிடம் பிஸ்கட்டும் ஒரு சுடுதண்ணிப் பையும் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அதை வயிற்றில் வைக்கும்போது என் கை என்று நினைத்துக்கொள்.

என்றும் உன்
வினோஜன்


லிந்துலை
2024 மே 9

அன்புள்ள வினோஜனுக்கு,

நீங்கள் போன் பண்ணிக்கொண்டே இருப்பதாக அம்மா சொன்னாள். பேசினால் தையல் இழுக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னதற்காக மார்ச் தேதியை விட்டேன். சித்திரை வருஷப் பிறப்பு முடிந்து இரண்டு வாரத்தில் வலியோடு காய்ச்சலும் நடுக்கமும் வந்தன. உங்கள் சுடுதண்ணிப் பையை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். விடிந்ததும் கொழுந்து லொறியில்தான் ஏற்றிக் கொண்டு போனார்கள். பித்தப்பை சீழ் பிடித்திருந்ததாம். அன்றே அறுத்தார்கள். நான்கு துளையில்தான் ஆரம்பித்திருக்கிறார்கள். உள்ளே ஒன்றோடொன்று ஒட்டிப்போய் கமராவில் எதுவும் பிரித்துத் தெரியவில்லை. அதனால் விலாவுக்குக் கீழே நீளமாகத் திறந்து எடுத்திருக்கிறார் டொக்டர். நீங்கள் எனக்கு விளக்கி எழுதிய முறைகளில் பாதி இப்போது என் வயிற்றிலேயே இருக்கின்றன. தொப்புளில் ஒன்று, இங்கும் அங்கும் மூன்று, மேலே அந்தப் பழைய காலத்து வெட்டு.

அம்மா பயந்துபோய் வட்டகொடைக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள். மறுநாள் காலையிலேயே மாமி வந்து நின்றார்கள். வெந்நீரில் துணி நனைத்து உடம்பைத் துடைத்துவிட்டார்கள். நான் வயிற்றைப் போர்வையால் மூடப் பார்த்தேன். மாமி என் கையை விலக்கினார்கள்.

"என்னத்த புள்ள மூடுற? எனக்கும்தான் இருக்கு. சின்னவன பெத்த கையோட போட்டாங்க."

பிறகு, "ஏன் புள்ள எனக்கு யாருமே சொல்லல?" என்று கேட்டார்கள்.

"நீங்க தாங்கமாட்டீங்கன்னு ஒங்க மகன் எழுதுனாங்க" என்றேன்.

மாமி துணியைப் பிழிந்துகொண்டே இருந்தார்கள். அதில் தண்ணீரே இல்லை. "அவன் என்கிட்ட கேக்கவே இல்லையேம்மா" என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் இரண்டு கடிதங்களையும் மறுபடி எடுத்து வாசித்தேன். யார் யாரிடம் விசாரித்தீர்கள், யார் என்ன பேசுவார்கள், எதை எங்கே மறைக்கலாம், எல்லாம் இருக்கிறது. வலி எப்படி இருக்கிறது என்று ஒரு இடத்திலும் நீங்கள் கேட்கவில்லை. தாங்க முடியாதவர் மாமி இல்லை வினோஜன். பெரியம்மாவும் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இப்போது துக்கம்தான். நீங்கள் கெட்டவர் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் முன்னால் ஒவ்வொரு நாளும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு என்னால் வாழ முடியாது.

மோதிரத்தை மாமியிடம் கொடுத்துவிட்டேன். "வேணாம் புள்ள" என்று அழுதார்கள். பிறகு அதை முந்தானையில் முடிந்துகொண்டார்கள். தையல் பிரிக்கும் அன்று என்னோடு வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அன்று இந்தக் கடிதத்தையும் அவர்கள்தான் தபாலில் போடுவார்கள்.

மோதிரத்தைக் கழற்றச் சிரமமாக இருக்கவில்லை. அது லூசாக இருந்ததை உங்களுக்கு முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தேன்.

இப்படிக்கு
சுலக்ஷனா