என் மேப்பிளுக்கு ஒரு குளிர்காலம்

அக்டோபர் 16

நேற்று வீட்டைச் சூடாக்கும் குழாய்களில் வெந்நீர் வந்துவிட்டது. நகரத்துக்கே ஒரே கொதிகலன். நகராட்சி திறந்தால் எல்லார் வீடும் வேகும், ஏப்ரல் பாதியில் மூடும்வரை. வெலிமிர் பனியனோடு சோபாவில் ஆனந்தமாகக் கிடக்கிறான். இருபத்தொன்பது வருடமாக என் கணவனுக்கு இதைவிடப் பெரிய திருநாள் கிடையாது.

பால்கனியில் தொட்டிக்குள் இருக்கும் என் குட்டை மேப்பிள் மரத்தை உள்ளே கொண்டுவரச் சொல்கிறான். மாட்டேன். முதல் போன்சாய் டி.வி. பக்கத்தில் இருந்து பிப்ரவரியில் செத்தது. இரண்டாவது சமையலறையில், அதுவும் பிப்ரவரியில். "நீ தண்ணி சரியா ஊத்தல" என்றான், இரண்டு தடவையும். தண்ணீர் இல்லை வெலிமிர், தூக்கம்! இலையைக் கொட்டிவிட்டுக் குளிரில் மூன்று மாதம் தூங்காவிட்டால் மேப்பிள் ஓய்ந்துபோகும். இரண்டைக் கொன்ற பிறகுதான் என் புத்தியில் ஏறியது.

மூன்றாவது இது. ரயில் பாதைக் கரையில் நானே தோண்டி எடுத்தது. ஒரு சாண் உயரம். போன குளிர்காலம் முழுக்க எங்கள் படுக்கையறையில் விழித்தே கிடந்து, பாதிக் கிளை காய்ந்துவிட்டது. இன்னொரு முறை தாங்காது.

நவம்பர் 9

இலை எல்லாம் உதிர்ந்தது. "பார், செத்துப்போச்சு" என்கிறான். தூங்கப்போவதைப் பார்த்துச் சாவு என்கிறான் இந்த ஆள்.

நவம்பர் 21

ஆறாவது மாடிக் காற்று. பால்கனியிலேயே விட்டால் அந்தத் தட்டுபோன்ற தொட்டியில் வேர் உறைந்துவிடும். வீட்டுக்குள்ளோ இருபத்தாறு டிகிரி. ஆகவே, துணி இஸ்திரி போடும் சின்ன அறை. அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் திருகு பெயிண்டில் ஒட்டிக் கிடந்தது. ஸ்பேனரில் தொங்கி மூடினேன். ஜன்னலைக் கையளவு திறந்தேன். மாலையில் நான்கு டிகிரி. இதுதான் வேண்டும்.

வெலிமிர் வாசலில் வந்து நின்றான். முகம் வெளுத்துவிட்டது.

"குறுக்குக் காத்து! அடிச்சா வாதம் வந்துரும்!"

"கதவைச் சாத்திட்டா குறுக்குக் காத்து எங்கிருந்து வரும்?"

"அடியில வரும்."

பழைய போர்வையைச் சுருட்டிக் கதவடியில் திணித்துவிட்டுப் போனான்.

டிசம்பர் 19

எங்கள் வீட்டுப் புனிதர் நாள், வருடா வருடம் விருந்து. நாற்பது கோஸ் உருண்டை செய்தேன். விருந்தாளிகள் எல்லாரும் சின்ன அறைக் கதவைப் பேய் வீட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். கீழ் வீட்டு ஸ்மில்யாவால் வாயை அடக்க முடியவில்லை.

"ஜன்னலைத் திறந்து வச்சுக் குடித்தனம் பண்றியாமே? என் மச்சினன் ஒரே ஒரு நாள் பஸ்ல காத்து வாங்கினான். வாய் இன்னிக்கும் கோணல்தான்."

"அது பொறந்ததுலேர்ந்தே கோணல் ஸ்மில்யா. கல்யாண போட்டோவுல பார்த்தேனே."

எல்லாரும் சிரித்தார்கள், வெலிமிரைத் தவிர. ரயில் கரையில் என் மேப்பிளின் கூடப்பிறந்தவை பனியில்தான் நிற்கின்றன. ஒன்றுக்கும் வாய் கோணவில்லை.

ஜனவரி 12

தங்கைக்குப் பித்தப்பை ஆபரேஷன். நாளை பெல்கிரேடு போகிறேன். ஜன்னலைத் தொட மாட்டேன் என்று வெலிமிர் சத்தியம் செய்திருக்கிறான்.

ஜனவரி 19

திரும்பி வந்தேன். மேப்பிள் சமையலறையில் ரேடியேட்டர் மேல் உட்கார்ந்திருக்கிறது, தொட்டியைச் சுற்றி அவனுடைய கம்பளி மஃப்ளர்! ஆறு நாள் வெப்பம். மொட்டுகள் வீங்கிச் சிவந்துவிட்டன. ஜனவரியில்.

"வெளியில மைனஸ் பதினொண்ணுடி. பார்க்கவே பாவமா இருந்துச்சு."

பாவமாம். திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். இத்தனை வருஷமா இப்படித்தானே— எனக்குக் குளிரும்னு நீயே முடிவு பண்ணு, எனக்குப் பசிக்கும்னு நீயே முடிவு பண்ணு, நான் களைச்சுட்டேன்னு நீயே முடிவு பண்ணி விளக்கை அணை. என்னை ஒரு வார்த்தை கேட்டியா? ஒரு தடவை?

மொட்டு விரிந்தால் முடிந்தது கதை. விரிவதற்குள் மறுபடி குளிரில் வைத்து நிறுத்த வேண்டும். உறையவும் கூடாது. யார் கையும் ஜன்னலில் படவும் கூடாது.

ஜனவரி 20

மடக்குக் கட்டிலைச் சின்ன அறைக்கு இழுத்துவிட்டேன். இரண்டு ஸ்வெட்டர், குல்லா, மூன்று போர்வை.

"மரத்துக்குக் காவலா?"

"ஆமா."

"நான் தனியா எப்படித் தூங்குறது?"

"ரேடியேட்டரைக் கட்டிப் பிடிச்சுக்கோ."

ஜனவரி 21

தூங்கினேன். ஒரு தடவைகூட விழிக்காமல்.

பிப்ரவரி 6

ஒரு கிளையின் மொட்டுகள் கறுத்துவிட்டன. தொட்டால் உதிர்கின்றன. மற்றவை அசையவில்லை. தூங்குகின்றனவா, செத்தனவா? என் வீம்புதான் கொன்றதோ? பயமாக இருக்கிறது. இதை அவனிடம் சொல்ல மாட்டேன்.

பிப்ரவரி 15

"மாசக் கடைசிக்குள்ள கட்டிலைத் தூக்கிட்டு வரலைன்னா..." என்று ஆரம்பித்தான்.

"வரலைன்னா?"

காப்பி போடப் போய்விட்டான்.

பிப்ரவரி 27

நகத்தால் பட்டையைக் கீறினேன். பச்சை! முந்தைய இரண்டும் இந்தத் தேதிக்குள் சுள்ளியாகியிருந்தன. கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினேன். ஸ்மில்யா கீழிருந்து கூரையைத் தட்டினாள்.

ஏப்ரல் 8

கறுத்த கிளை போனது போனதுதான், வெட்டிவிட்டேன். மற்றதெல்லாம் இலை. என் சுண்டுவிரல் நகமளவு, இன்னும் மடிப்பு முழுசாகப் பிரியாமல்.

வெலிமிர் எட்டிப் பார்த்தான். "அதான் முழிச்சிருச்சே. இனிமே என்ன காவல்? கட்டிலைத் தூக்கட்டுமா?"

"மரத்தைத் தூக்கிப் பால்கனியில வை."

பத்திரமாகத்தான் கொண்டுபோனான். கட்டிலைத் தொடவிடவில்லை.

ஏப்ரல் 17

குழாய்கள் குளிர்ந்துவிட்டன. மத்தியானம் சின்ன அறையில் படுத்தபடி படித்துக்கொண்டிருந்தேன். தட்டும் சத்தம். ஸ்மில்யாவாக இருக்கும், வெலிமிர் திறப்பான் என்று விட்டுவிட்டேன். மறுபடி தட்டல். வீட்டு வாசல் கதவு இல்லை— இந்த அறைக் கதவு.

திறந்தால் வெலிமிர். கழுத்துவரை கோட்டு, தலையில் குல்லா.

"உள்ள வரலாமா?"

இருபத்தொன்பது வருடத்தில் இந்த மனிதன் எந்தக் கதவையும் தட்டியதில்லை. கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று தோன்றியது.

"வா. கதவைச் சாத்திட்டு வா."

சாத்தினான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். ஜன்னல் திறந்தே இருந்தது.