என் சொந்த வாளி

மார்ச் 3

இன்று விடுமுறை. ஆனாலும் ஒரு குதிரை வாய் பார்த்தேன்.

கடற்கரையில் குழந்தைகளைச் சவாரி ஏற்றும் கிழட்டுக் குதிரை. பத்து நாளாகச் சரியாகத் தின்னவில்லை என்று அதன் சொந்தக்காரர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். பந்தய லாயத்தில் பல் ராவுகிறவன் வெளி மிருகத்தைத் தொடக்கூடாது என்பது விதி. விதி எழுதியவர் அந்தக் குதிரையைப் பார்த்திருக்க மாட்டார். விலா எலும்பை எண்ணலாம். கடைவாய்ப் பற்கள் கூராக வளர்ந்து கன்னத்தை உள்ளே கிழித்திருந்தன. பாவம், புல்லோடு சேர்த்துத் தன் சதையையும் மென்றிருக்கிறது.

அரத்தை எடுத்து முக்கால் மணி நேரம் ராவினேன். பக்கத்துக்கு இருபது இழுப்பு, எண்ணி எண்ணித்தான் எனக்கு வேலை வரும். ஒவ்வொரு ஐந்து இழுப்புக்கும் அரத்தை வாளியில் முக்கி எடுத்ததில் தண்ணீர் ரத்தமும் பல்தூளுமாகக் குழம்பிவிட்டது. மூக்கிலும் கொஞ்சம் சளி. கடல் காற்று. முடிந்ததும் குதிரைக் கிழவன் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றான். காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாளியைக் குழாயில் அலசி எடுத்து வந்தேன்.

மார்ச் 4

மச்சான் சாப்பிட வந்திருந்தார். மனைவியின் அண்ணன், பந்தயத்தின் கிழக்கு, மேற்கு இரண்டு லாயத்துக்கும் புல் போடுகிறவர். வழக்கம்போல வாயை அடக்கவில்லை. "மாப்ள, குதிரை வாய்க்குள்ள கைய விடுற நேரத்துல, என் தங்கச்சி சொல்றதையும் கொஞ்சம் காதுல விடலாமே." அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனிதருக்கு மட்டும் எல்லோரும் எப்படிச் சிரிக்கிறார்கள்?

மார்ச் 6

ஆறு வாய். கிழக்கு லாயத்தில் அறை 3, 7, 11, 12. மேற்கு லாயத்தில் 2, 5.

மேற்கு 5 ஒரு குதிரைக்காரரைச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது. விலா இரண்டு போச்சு. மற்றபடி நல்ல நாள். கிழக்கு 12-இல் இருக்கும் குதிரை மந்திரி போன மாதம் என் சுண்டுவிரலைக் கடித்து உடைத்தான். வாளியில் ஊற்றும் கிருமி மருந்தின் நெடி அவனுக்கு ஆகாது. அன்றிலிருந்து மருந்தை நிறுத்திவிட்டேன். வெறும் தண்ணீர். இன்று மந்திரி பூனை மாதிரி நின்றான்.

ஆனால் ஒன்று, எந்த லாயத்து வாளியையும் தொடமாட்டேன். எவன் எதைக் கழுவினானோ. என் சொந்த வாளி, என் சொந்த அரம். இந்த ஊரில் இவ்வளவு சுத்தம் பார்க்கிற பல்லுக்காரன் நான் ஒருவன்தான்.

கிழக்கு 11, மழைக்காரி. ஈரத் தரையில் அவளை எவனும் பிடிக்க முடியாது. என்னைப் பார்த்ததும் தானே வாயைத் திறப்பாள். பதினெட்டு வருஷத்தில் இப்படி ஒரு குதிரையைப் பார்த்ததில்லை.

மார்ச் 11

மழை. சுண்டுவிரல் விண்விண்ணென்கிறது. மழைக்காரி ஜெயித்தாள்.

மார்ச் 17

கிழக்கு 7-க்குக் காய்ச்சல். மூக்கில் மஞ்சளாகப் பசை மாதிரி வழிகிறது. மூக்குக்குள் புண். லாயத்து மருத்துவர் பார்த்துவிட்டு வெளியே போய்ப் போன் பண்ணினார். 

மார்ச் 20

கதவுகள் பூட்டு. அரசு டாக்டரம்மா வந்திருக்கிறார். நோயின் பெயர் கிளாண்டர்ஸ். மருந்து கிடையாது, மனிதனுக்கும் ஒட்டும், வந்த குதிரையைக் கொல்ல வேண்டும். சட்டம். எல்லாக் குதிரைக்கும் கீழ் இமையில் ஒரு ஊசி. இரண்டு நாளில் இமை வீங்கிச் சீழ் வைத்தால் நோய் இருக்கிறது.

ஊசியைப் பார்த்து மந்திரி பின்னங்காலால் உதைத்ததில் கதவுப் பலகை பிளந்து ஒரு மரச்சிம்பு டாக்டரம்மாவின் உதவியாளர் தொடையில் ஏறியது. அவர் ரத்தத்தோடு நொண்டிக்கொண்டே அடுத்த அறைக்குப் போனார்.

மார்ச் 22

ஆறு குதிரைக்குக் கண் வீங்கிவிட்டது. மழைக்காரிக்குக் காய்ச்சல்கூட இல்லை, நேற்று முழுத்தீனி தின்றாள். கண் மட்டும் எலுமிச்சை அளவு.

அவளைப் பார்த்துக்கொள்கிற குதிரைக்காரரை முரசு என்பார்கள். அவர் பேசினால் இரண்டு லாயத்துக்கும் கேட்கும். இன்று கேட்டது வேறு சத்தம். சுவரில் கையைக் குத்திக்கொண்டே இருந்தார். தோல் உரிந்து எலும்பு தெரிந்தது, நிறுத்தவில்லை.

எப்படி உள்ளே வந்தது? எல்லோரும் ஒரே பதில் சொல்கிறார்கள். குதிரையெல்லாம் உள்ளே இருப்பவை. வெளியிலிருந்து வருவது புல் ஒன்றுதான்.

மார்ச் 24

எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

காலையில் ஆறையும் சுட்டார்கள். தலையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றார் டாக்டரம்மா. என்னைவிட்டால் யார்? கண்ணிலிருந்து எதிர்க்காதுக்கு இரண்டு கோடு போட்டால் எங்கே வெட்டுமோ அங்கே குண்டு. முதலில் 7. முட்டி மடிந்து அப்படியே உட்கார்ந்தது. 3. பிறகு மந்திரி. அவன் குண்டு விழும் நொடியில் தலையைத் திருப்பிவிட்டான். தாடை போயிற்று. அந்தத் தாடையோடு என்னை இழுத்துக்கொண்டு கொட்டகைச் சுவர் வரை போனான். இரண்டாவது குண்டில்தான் விழுந்தான். அவன் பற்கள் என் சட்டைப்பையில் கிடந்தன. நான் ராவிய பற்கள். மேற்கு 2, மேற்கு 5.

கடைசியில் மழைக்காரி. முகமூடி, கையுறை எல்லாம் போட்டிருந்தும் என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள். தலையைத் தாழ்த்தினாள். வாயைத் திறந்தாள்.

திறந்த வாயோடு சுட்டார்கள்.

மத்தியானம் வாசலில் மச்சானின் புல் வண்டி. செய்தி தெரியாமல் வந்தாரா, தெரிந்தும் வந்தாரா? இருபது முப்பது பேர் சூழ்ந்துவிட்டோம். முரசு என்னைப் பார்த்து, "உன் மச்சான்தானே. நீ என்ன சொல்ற?" என்றார். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். மச்சானும் பார்த்தார். சிரித்த முகம். "மாப்ள, நீயாவது இவங்ககிட்ட சொல்லுப்பா" என்றார்.

என் கையில் மழைக்காரியின் தலைக்கயிறு. நுனியில் இரும்பு வளையம். ஓங்கி முகத்தில் அடித்தேன்.

நான் அடிக்காமல் இருந்திருந்தால் மற்றவர்கள் கை வைத்திருக்க மாட்டார்கள். சொந்தக்காரனே அடிக்கிறான், பிறகு என்ன? கீழே தள்ளி மிதித்தார்கள். என் பாழாய்ப்போன பழக்கம், எண்ணிக்கொண்டே நின்றேன். என்னுடையது ஒன்று. அவர்களுடையது எட்டு. ஒன்பதில் காவலாளி வந்துவிட்டார்.

மார்ச் 25

மனைவி அண்ணனைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். இரும்புக் கரண்டியால் என் நெற்றியில் அடித்தாள். இன்னொரு முறை ஓங்கினாள், பிறகு கை தளர்ந்து தரையில் உட்கார்ந்தாள். "முதல்ல அடிச்சது நீங்களாமே. வேற எவனாவது அடிச்சிருக்கக் கூடாதா?" என்றாள். 

துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மார்ச் 27

மச்சானுக்கு இடது கண் போய்விட்டது.

மார்ச் 30

டாக்டரம்மா பெரிய காகிதத்தில் இரண்டு லாயத்தையும் வரைந்து சுவரில் ஒட்டியிருந்தார். ஆறு அறையில் சிவப்பு. "புல்தான் காரணம்னா வரிசையா வரணும். பக்கத்துப் பக்கத்து அறைக்கு வரணும். நாலுக்கு வரல, எட்டுக்கு வரல. ரெண்டு லாயத்துக்கும் இடையில பந்தயத் தடமே இருக்கு. இந்த ஆறுக்கும் பொதுவா எது போச்சு?" என்று எல்லோரையும் கேட்டார். எவரும் வாயைத் திறக்கவில்லை. நானும்தான். எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். கிழக்கு 3, 7, 11, 12, மேற்கு 2, 5 என்று எழுதும்போது கை நின்றது. இதே வரிசையில் இதற்கு முன்னால் எழுதியிருக்கிறேனே. பக்கத்தைத் திருப்பினேன். மார்ச் 6. என் கையெழுத்து. அதற்கு முந்தி மார்ச் 3. கிழவனின் மூக்கில் சளி. கடல் காற்றாம்.

மார்ச் 31

நான் இல்லை. வாளியை அலசினேனே.

ஏப்ரல் 2

கடற்கரைக்குப் போனேன். குதிரை கட்டும் முளை மட்டும் மணலில் இருந்தது. சொந்தக்காரர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "போய்ச் சேர்ந்துட்டான் ஐயா. மூக்குல ஒரே சீழ், மூச்சே விட முடியல. ஆனா நீங்க பல்லைச் சரி பண்ணப்புறம் கடைசி நாலு நாள் நல்லா தின்னான். உங்களுக்குப் புண்ணியமா போகும்." அவருக்கு இருமல் இருந்தது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஏப்ரல் 5

வாளியைச் சுத்தியலால் அடித்து நசுக்கினேன். தகரம் கிழிந்து முழங்கையில் ஏறியது. இன்னும் அடித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் சுவர் மேல் எட்டிப் பார்த்து, "வாளி ஓட்டையா?" என்றார். ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 9

முரசும் நாலைந்து பேரும் பட்டப்பகலில் மச்சானின் புல் கொட்டகைக்குத் தீ வைத்துவிட்டார்கள். தெருமுனையில் நின்று பார்த்தேன். உள்ளே போன வேலைக்காரருக்கு இரண்டு கையும் வெந்துவிட்டது. கண்ணில் கட்டோடு மச்சான் தெருவில் உட்கார்ந்திருந்தார். என் மனைவி அவர் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்தாள். ஒரு குச்சியைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

நாளை மறுநாள் விசாரணை. புல்லில்தான் வந்தது என்று எழுதிவிட்டால் மச்சான் ஜெயிலுக்குப் போவார். முரசு சொல்கிறார், "ஜெயிலுக்குப் போகட்டும், வெளிய வரட்டும், அப்புறம் இருக்கு."

நான் மட்டும் பேசாமல் இருந்தால் போதும். வேலை இருக்கும். கை இருக்கும். யாருக்குத் தெரியும்? இந்த நோட்டுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அடுப்பைப் பற்றவைத்து நோட்டை மேலே பிடித்தேன். மார்ச் 6-ஆம் பக்கத்தில் மழைக்காரி என்று எழுதியிருந்த இடம் கண்ணில் பட்டது. வாயைத் திறந்தாளே. என்னைப் பார்த்துத்தானே திறந்தாள்.

மூலை மட்டும்தான் கருகியிருக்கிறது.

ஏப்ரல் 11

காலை பத்து மணிக்கு இதை டாக்டரம்மா கையில் கொடுக்கப் போகிறேன். அம்மா, மார்ச் 3-உம் 6-உம் படியுங்கள். மச்சானைப் பற்றி நான் மார்ச் 4-இல் எழுதியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் நல்லவர்.

மே 16

நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஊதா முத்திரை. மீதிப் பக்கத்தில் இடது கையால் எழுதுகிறேன். கோழி கிண்டின மாதிரி இருக்கிறது.

உரிமத்தைப் பிடுங்கிவிட்டார்கள். இனி ஆயுசுக்கும் எந்தக் குதிரையின் வாயிலும் நான் கை வைக்க முடியாது. வழக்கு இருக்கிறது. மச்சான் மேல் இருந்த புகாரைத் தள்ளிவிட்டார்கள். கடற்கரைக்காரருக்கு நல்லவேளை, சாதாரண இருமல்தான்.

விசாரணை முடிந்து வெளியே வந்தபோது முரசும் மற்றவர்களும் காத்திருந்தார்கள். ஓடவில்லை. முரசு என் வலது கையைப் படிக்கட்டில் வைத்து, என் பையில் இருந்த அரத்தாலேயே அடித்தார். மற்றவர்கள் முதுகிலும் இடுப்பிலும். எண்ணினேன். மச்சான் கொஞ்ச தூரத்தில் என் மனைவியைப் பிடித்து நிறுத்திக்கொண்டு நின்றிருந்தார். அவரும் எண்ணியிருக்கிறார். எட்டு முடிந்ததும், "போதும், விடுங்க" என்றார். விட்டுவிட்டார்கள். அருகே வந்து குனிந்தார். ஒற்றைக் கண்.

"ஒன்பதாவது நீ எனக்குக் குடுத்தது மாப்ள. அது என்கிட்டயே இருக்கட்டும்."

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. லாயத்துக்கு மறுபடியும் அவர் புல்தான் போகிறது. தினமும் காலை ஏழு மணிக்கு வண்டி என் தெரு வழியாகப் போகும். வேறு ஆள் ஓட்டுவார், மச்சான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்துக்கு வாசலில் போய் நின்றுகொள்கிறேன். வண்டி நிற்காது.

இன்று நின்றது. நடுவில் என் மனைவியும் உட்கார்ந்திருந்தாள். முன்னால் பார்த்தபடியே இருந்தாள். மச்சான் வண்டி ஜன்னல் கண்ணாடியை இறக்கி என் கையைப் பார்த்தார்.

"கை சரியாகுமா?"

"ஆகாதாம் மச்சான். விரல் மடங்காதாம்."

"சரி" என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். வண்டி போய்விட்டது. நாளைக்கும் ஏழு மணிக்கு வரும்.