மணல்மேட்டில் பிடுங்கிய கொடி

பழவேற்காடு. ஐப்பசி பன்னிரண்டு, வெள்ளி இரவு.

ஒல்லாந்துத் துரைக்குத் திராட்சை நடுவதற்காக மணல்மேட்டில் இருந்த அடப்பங்கொடியை வேரோடு பிடுங்கச் சொன்னவன், அவர் தோட்டத்தை மேற்பார்க்கும் நான்தான். "அது போச்சுன்னா மணல் நிக்காதுங்க" என்று வலைக்கார எல்லப்பன் அன்றே சொன்னான். களைக்குப் போய் இவ்வளவு பேச்சா என்று சிரித்தேன்.

நான்கு நாள் மழையில் மேடு விரிசல் விட்டிருக்கிறது. அதன் அடியில்தான் எல்லப்பன் குடிசை. சாயங்காலம் வந்தான். "மணலு வூட்டுக்குள்ள வருதுங்க. புள்ளைங்கள இட்டுக்கினு பக்கத்துல தோணிரேவு ஊருக்குப் போயிடட்டுமா?"

அவன் போனால் துரை காரணம் கேட்பார். மணலைப் பிடித்திருந்த கொடியை அவரைக் கேட்காமல் நான் பிடுங்கியது தெரிந்துவிடும்.

"ஒண்ணும் ஆவாது, போய்ப் படு" என்றேன். நம்பிப் போய்விட்டான்.

இப்போது மழை மறுபடி வலுத்திருக்கிறது. மேட்டுப் பக்கம் ஏதோ சரிகிற சத்தம். காற்றாக இருக்கும்.

காற்று இல்லை. விளக்கை எடுத்துக்கொண்டு ஓடுகிறேன்.