கழிவு இல்லாத தராசு

தை மாதம், செவ்வாய் இரவு

இன்று காலை சந்தையில், மரக்கறி கொண்டுவாற கமக்காரரிடம் இனிக் கழிவு எடுக்கமாட்டேன் என்று என்ரை கடையின் இரண்டாம் தராசில் நிற்கிற மச்சான் ரவி சொல்லிவிட்டான். நூறு கிலோ கத்தரிக்காய்க்குத் தொண்ணூறு கிலோவுக்குத்தான் காசு கொடுப்பது இங்கத்தை வழக்கம். அந்தப் பத்துக் கிலோவில்தான் நான் கடையே கட்டினேன்.

போன மாதம் ஆனையிறவில் லொறி பிரண்டு தண்ணிக்குள் கிடந்தபோது யேசு வந்து அவன்ரை கையைப் பிடித்தாராம். பிடிக்கட்டும். அவன் பிழைக்கவேண்டும் என்று நான் நல்லூர்க் கந்தனுக்கு வைத்த நேர்த்தியை ஒருத்தரும் கதைப்பதில்லை.

"உயிரைத் தந்தவர் சரி, கழிவைப் பற்றியும் கதைச்சவரோ?" என்று சனத்துக்கு முன்னால் கேட்டேன்.

"ஓம் அத்தான். எத்தினை பேரின்ரை பத்துக் கிலோ உன்னட்டைக் கிடக்கு எண்டு என்னைக் கேட்டவர்."

சனம் சிரித்தது. பிறகு எல்லா மூட்டையும் அவன்ரை தராசுக்குப் போனது. என்ரை தராசில் ஒரு முருங்கைக்காய்கூட விழவில்லை.

பொய் என்றால் அடித்துக் கலைத்திருப்பேன். உவனுக்குப் பொய் வராது. அதுக்காகத்தானே உவனைத் தராசில் விட்டனான். அதுதான் வயிறு எரியுது.

பின்னேரம் நானும் அவனும் கதைத்து ஒரு முடிவுக்கு வந்தோம். இரண்டு தராசிலும் கழிவு இல்லை. ஞாயிறு சேர்ச்சுக்குப் போக அவனுக்கு லீவு. மற்ற நாளெல்லாம் விடிய நாலு மணிக்குக் கடையில் நிற்கவேண்டும். தராசுக்கு மேலே பிள்ளையார் படம் இருந்த இடத்திலேயே இருக்கும்.